சந்திராவிடம் சொல்ல வேண்டியவை

ஐஸ் பெட்டியின் கண்ணாடியைச் சந்திரம்மா புடவைத் தலைப்பால் துடைத்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் தோளைத் தட்டினாள்.

"யாருடி இது? நைனா மாதிரியே இருக்காரு?"

காலையிலிருந்து நாலு முறை ரூபா உண்மையைச் சொல்லிவிட்டாள். ஐந்தாவது முறையும் சொன்னாள். "நைனாதாம்மா. விடிகாலைல நெஞ்சு வலி வந்து போய்ட்டாரு."

சந்திரம்மாவுக்கு அது முதல் முறை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு விழுந்து அழுதாள். கால் மணி நேரத்தில் அழுகை ஓய்ந்தது. எதற்கு அழுதோம் என்பதும் அதோடு போயிற்று. "ஏன் இவ்ளோ ஜனம் வந்துக்கினு இருக்கு? கல்யாணமா?" என்று வந்தவர்களையே கேட்டாள். பத்து மணிக்குள் ஒரே மனிதருக்கு ஐந்து சாவு. கேட்பவளுக்கு மறந்துபோகிறது, சொல்பவளுக்கு எப்படி மறக்கும்?

ரூபாவின் அப்பா முனிரத்தினத்தின் தங்கை மனோரமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மூணு மணிக்கு எடுக்கணும். அதுக்குள்ள இவ வாய்க்கரிசி போடணும், மூணு சுத்து வரணும். இப்படிப் பேந்தப் பேந்த முழிச்சிக்கினு இருந்தா எப்படிடி?"

"மறதின்னு நைனா சொன்னாரு அத்தை. இவ்ளோன்னு எனக்குத் தெரியாது."

பொய்யில்லை. ஆனால் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. இந்தப் புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். திருப்பதியில் ஒரு காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் அவளுக்கு வேலை. எப்போது போன் செய்தாலும் நைனாதான் பேசுவார். அம்மா தூங்குது, அம்மா குளிக்குது என்பார். மனுஷி நாள் பூராவுமா குளிப்பாள் என்று இவளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது.

சங்கராந்திக்கு வந்தபோது நைனாவின் பழைய லேப்டாப் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தது. ரூபா விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். "இனிமே பறக்கும் பாரு நைனா" என்று பெருமை வேறு. பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"எல்லாம் பறக்குதும்மா. என் நோட்ஸ் மட்டும்தான் தொறக்க மாட்டேங்குது."

அது விண்டோஸில் மட்டும் ஓடுகிற, எப்போதோ வந்த ஒரு சின்ன புரோகிராம். கரண்டு சப்ஸ்டேஷனில் முப்பது வருஷம் மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதிய கை, ரிட்டயரான பிறகும் சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் அதில் எழுதிவைப்பார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன் நைனா."

"அவசரம் இல்ல. அம்மாவப் பத்திதான் எழுதிக்கினு வந்தேன், எது கேட்டா எப்படிப் பதில் சொல்லணும்னு. அது இல்லாம கை ஒடிஞ்சாப்ல இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அவசரம் இல்லை என்பதை மட்டும் ரூபா காதில் வாங்கிக்கொண்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

"யாருடி செத்துட்டாங்க?" என்று அம்மா ஆறாவது முறை கேட்டபோதுதான் அந்தப் போன் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து, நைனாவின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். சாவு வீட்டில் கம்ப்யூட்டரா என்று யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அத்தை மகன் கோபிகிருஷ்ணன் ஒன்றும் கேட்காமல் தன் போனிலிருந்து நெட் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

விண்டோஸை எடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் பத்திரமாகப் போட்டிருந்தாள். பழைய புரோகிராமும் அதில் இருந்தது, 'சந்திரா' என்ற ஃபைலும் இருந்தது. லினக்ஸுக்குள் விண்டோஸ் புரோகிராம்களை ஓடவைக்கிற 'வைன்' என்ற புரோகிராமை இறக்கினாள். புரோகிராம் திறந்தது. தேதிகள் தெரிந்தன, தமிழ் தெரியவில்லை. நைனா எழுதியதெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக நின்றது. ஆனால் இது அவள் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி. ஒரு தமிழ் ஃபாண்டை வைனின் ஃபோல்டரில் போட்டு, மூடித் திறந்தாள். எழுத்துகள் வந்தன.

மொத்தம் இருபது நிமிஷ வேலை. ரூபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

'அவள் அண்ணனைக் கேட்டால்' என்று ஒரு பக்கம். "வேங்கடாசலம் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது என்று சொல்லக் கூடாது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறையும் அன்றைக்குத்தான் செத்ததுபோல அழுதாள். பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் சந்தோஷமாக இருக்கிறாள்."

'ராத்திரி சோறு வேண்டாம் என்றால்' என்று ஒரு பக்கம். 'என்னை யார் என்று கேட்டால்' என்று ஒரு பக்கம், அதில் தேதி மட்டும் இருந்தது, எழுத்து இல்லை. இன்னொன்றின் கடைசியில், "ரூபாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள்."

அவர் செத்தால் என்ன சொல்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. எல்லாவற்றையும் மணி போட்டு எழுதிய மனிதர், அவளுக்கு முன்னால் தான் போய்விடுவோம் என்று நினைக்கவே இல்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்காக எழுதிய ஒன்றுதான் கிடைத்தது.

"நான் வெளியே போனால்: பிச்சாட்டூர் போயிருக்கிறார், சாயந்தரம் வந்துவிடுவார் என்று சொல்லவும். முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டு சொல்லவும். அழுத முகமாக இருந்தால் நம்ப மாட்டாள்."

இரண்டரை மணிக்கு மனோரமா அரிசித் தட்டோடு வந்தாள். ரூபா கதவருகே நின்றாள்.

"அம்மா வராது அத்தை."

"கட்டினவ வாய்க்கரிசி போடாம எடுக்கறதா? ஊரு காறித் துப்பாதா? எங்கண்ணன் கட்டை வேகுமாடி?"

ரூபா வேங்கடாசலத்தைப் பற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டினாள். மாங்காய் மண்டி என்ற வரி வந்ததும் மனோரமா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணனா இதெல்லாம் எழுதிச்சு?"

"ஆமா அத்தை."

"நீயும் வரமாட்டியா?"

"அம்மாகூட யாராச்சும் இருக்கணும் இல்ல."

மனோரமா தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒதுக்கினாள். "அவ அரிசியையும் நானே போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரூபா ஹாலுக்குப் போய் நைனாவின் காலைத் தொட்டாள். ஐஸில் அது கல்லாக இருந்தது. முகம் கழுவி, பவுடர் போட்டு, அம்மாவைப் பின்னறைக்கு அழைத்துவந்து கதவைச் சாத்தினாள்.

வாசலில் மேளம் தொடங்கியது.

"நைனா எங்கடி?"

ரூபா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். "பிச்சாட்டூர் போயிருக்காரும்மா. சாயந்தரம் வந்துடுவாரு."

"போனை எடுத்துக்கினு போனாரா?"

"எடுத்துக்கினுதாம்மா போனாரு."

சந்திரம்மா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் மேளத்தைக் கேட்டாள். "யாரு வூட்ல?"

"பக்கத்துத் தெருவுல."

"அய்யோ பாவம். ஆம்பளயா?"

"ஆமாம்மா."

"அந்த வூட்டம்மா காலைலேருந்து பச்சைத் தண்ணி குடிச்சிருக்காது. அழுதுக்கினே கிடக்கும். போய் ஒரு வாய் காபி குடுத்துட்டு வாடி."

மேளச் சத்தம் தெரு முனையைத் தாண்டும்வரை ரூபா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், அன்றைக்கு முதல் தடவையாக அடுப்பைப் பற்றவைத்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, டம்ளரைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

சந்திரம்மா அதை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தாள்.