லென்சில் தெறித்த வால்கொழுப்பு

எங்கள் கசாக் மக்களிடையே சம்பந்தம் உறுதியாவது சாப்பாட்டுத் தட்டில்தான். ஆட்டின் வால்கொழுப்பும் ஈரலும் சேர்ந்து வெந்த தட்டு நடுவில் வரும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கையால் ஊட்டுவார்கள், அவர்கள் இவர்களுக்கு ஊட்டுவார்கள். விழுங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு பின்வாங்குகிறவனைக் கசாக் என்று யாரும் மதிப்பதில்லை.

அப்படியும் ஒருவன் பின்வாங்கினான். என் தம்பி மகளைத் தன் மகனுக்கு நிச்சயம் செய்துவிட்டுப் போனவன், பனி உருகுவதற்குள் அந்த மகனுக்கு வேறு இடம் பார்த்தான். கேட்கப் போனால், "அன்னிக்கு ஓட்கா அதிகமாயிடுச்சு. என்ன ஊட்டினீங்கன்னே ஞாபகமில்ல" என்றான். எங்கள் வம்சத்தின் முகத்துக்கு நேரே அப்படி ஒருவரும் பேசியதில்லை. அன்றே முடிவு செய்தேன். இனி எங்கள் வீட்டு நிச்சயத்தில் ஓட்கா கிடையாது. ஊட்டுவதைப் போட்டோ எடுத்து வைக்காமல் யாரையும் அனுப்புவதும் கிடையாது.

பேத்தி மக்பாலின் நிச்சயத்துக்கு, மாப்பிள்ளையின் தாத்தா செய்த்காலி தன் ஆட்களோடு குதிரைகளில் வந்து இறங்கினார். அவருடைய கம்பளி அங்கியை நானே வாங்கி ஆணியில் மாட்டினேன். உள்பை கனத்தது. கண்ணாடிப் போத்தல் என்று கைக்குத் தெரிந்தது. விருந்தாளியின் பையைத் துழாவுவது எங்கள் வழக்கமல்ல.

தட்டு வந்தது. என் மருமகள் ரவ்ஷான் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். ஊரில் உருப்படியான கேமரா அவளிடம்தான் உண்டு. செய்த்காலியின் தோள் அருகே நின்று அவள் தயாரானாள். அதற்குள் என் மனைவி பிபிஜான் அவசரப்பட்டுவிட்டாள். ஊட்டி முடித்த பிறகுதான் பெண்கள் சம்பந்தியின் முகத்தில் கொழுப்பைப் பூசி விளையாடுவார்கள். இவள் முதலிலேயே கை நிறைய அள்ளி, "வாங்க சம்பந்தி, அழகாக்கி விடறேன்" என்று வீசினாள். கிழவர் வாலிபனைப் போலக் குனிந்துகொண்டார். கொழுப்பு முழுதும் லென்சில் போய் ஒட்டியது.

செய்த்காலியின் தம்பி உதவுவதாக நினைத்துக் கேமராவைப் பிடுங்கித் தன் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தார். வழிப்புழுதி முழுதும் அந்தக் கையில்தான் இருந்தது. லென்ஸ் ஆடை படர்ந்த தேநீர் போல ஆயிற்று.

"எச்சில் தொட்டுத் துடைம்மா" என்றார் ஒருவர்.

"அடுப்புச் சாம்பல் போடு. சட்டியெல்லாம் பளபளன்னு ஆகுதில்ல" என்றார் இன்னொருவர்.

"இது சட்டி இல்ல சித்தப்பா, கீறிடும். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் ரவ்ஷான்.

தட்டில் கொழுப்பின் ஓரம் வெள்ளையாக உறையத் தொடங்கியது. உறைந்ததை ஊட்டினால் அதுவே அவமானம்.

"ஆறுது சம்பந்தி" என்றார் செய்த்காலி. "போட்டோ கிடக்கட்டும், ஊட்டுங்க. என் வாய் மேல நம்பிக்கை இல்லையா?"

"வாய் மேல இருக்கு. ஞாபகத்து மேலதான் கொஞ்சம் சந்தேகம்."

கண்ணேறு படாமல் இருக்க மக்பாலின் தொப்பியில் செருகியிருந்த ஆந்தை இறகுகளில் ஒன்றை ரவ்ஷான் பிடுங்கினாள். அதன் மெல்லிய நுனியால் மணலை மட்டும் தட்டிவிட்டாள். பேரனின் தொட்டிலிலிருந்து, துவைத்துத் துவைத்து நைந்த துணி ஒன்றை எடுத்து வந்தாள். வாயால் ஊதி ஈரமாக்கித் துடைத்தாள். மணல் போயிற்று, கொழுப்பு போகவில்லை.

"மாமா, இதுக்கு ஸ்பிரிட் வேணும்" என்று என் காதருகே சொன்னாள். "இல்லன்னா... அந்த மாதிரி ஏதாவது."

கூடம் முழுவதும் என்னையே பார்த்தது. நான் செய்த்காலியின் பக்கம் திரும்பினேன்.

"சம்பந்தி, தூர வழி வந்திருக்கீங்க. முட்டிக்குத் தேய்க்க மருந்து ஏதும் வெச்சிருப்பீங்களே?"

அவர் மீசை ஒருமுறை அசைந்தது. "ஆமா. முட்டி வலி. டாக்டர் சொன்னாரு."

"இவருக்கு முட்டி தொண்டைக்குள்ள இருக்கு போல" என்றாள் பிபிஜான். பெண்கள் முக்காட்டுத் துணிக்குள் சிரித்தார்கள்.

போத்தல் வந்தது. அதை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் காட்டினேன். "மூடி திறக்கல. சம்பந்தி இந்த வீட்டுல ஒரு சொட்டுக்கூடத் தொடல. எல்லாரும் பாத்துக்கங்க."

"எதுக்கு இவ்வளவு சத்தமா?" என்றார் அவர்.

"உங்க மரியாதைக்குத்தான்."

மூடியைத் திருகி, துணியின் நுனி நனையும் அளவு மட்டும் ஊற்றினேன். ரவ்ஷான் நடுவிலிருந்து வெளிப்புறமாக, சுற்றிச் சுற்றி, அழுத்தாமல் துடைத்தாள். துணியின் காய்ந்த பக்கத்தால் இன்னொரு முறை. பிறகு லென்சை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தாள்.

போத்தலை மூடித் தட்டுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்தேன். ஓட்கா கழுத்து வரை நின்றது.

"அதை எடுத்து மறைங்க சம்பந்தி. படத்துல விழும்" என்றார் செய்த்காலி.

"விழட்டும். யாரும் குடிக்கலன்னு அதுவும் சொல்லட்டும்."

அவர் போத்தலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். "உங்க வீட்டுல பொண்ணு எடுக்கிறவன் முழிச்சுக்கிட்டுதான் எடுக்கணும்" என்றார்.

"அப்படித்தான் கொடுப்போம்."

இன்னும் சூடு இருந்த துண்டாகப் பார்த்து எடுத்தேன். ரவ்ஷான் ஒரு கண்ணை மூடினாள். செய்த்காலி வாயை நன்றாகத் திறந்தார்.