அம்புக்குறி போட்ட கண்

செல்லம்மாவின் இடது புருவத்துக்கு மேலே ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி நீல மையில் ஓர் அம்புக்குறி வரைந்தாள். ஆப்பரேஷன் எந்தக் கண்ணில் என்பதில் உள்ளே யாருக்கும் குழப்பம் வரக் கூடாதாம், அதற்குத்தான் இந்த அடையாளமாம். "மாத்திப் போறதுக்கு என்கிட்ட வேற கண்ணு ஏது மிஸ்ஸி?" என்றாள் செல்லம்மா. டோரின் என்று பெயர் குத்தியிருந்த அந்த இளம் மிஸ்ஸி, பேனாவை மூட மறந்து ஒரு கணம் நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சன்னாசிக்குத்தான் சிரிப்பே வரவில்லை. மனைவியின் வாய்த்துடுக்கு முப்பத்தேழு வருஷமாகப் பழக்கம் என்றாலும், இன்றைக்கு அதை அவரால் ரசிக்க முடியவில்லை.

வலது கண் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. தம்பின் பட்டணத்துக்கு அப்பால் அவர்கள் தோட்டத்தில் அவர் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுவார், அவள் மரத்தடியில் சிதறும் உதிரிப்பழம் பொறுக்குவாள். ஒருநாள் சாய்ந்து விழுந்த மட்டையின் முள் அவள் கண்ணில் குத்திவிட்டது. "தானா சரியாயிரும்" என்று சொன்னவர் சன்னாசிதான். மூன்றாம் நாள் கண் வீங்கிச் சீழ் வைத்த பிறகே டாக்டரிடம் ஓடினார்கள். அதன் பிறகு அந்தப் பொம்பளை ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நடத்திய குடும்பத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தாள், ஊசியில் நூல் கோத்தாள், இரண்டு கண் உள்ளவர்களைவிட இரண்டு மூட்டை கூடுதலாகப் பழம் பொறுக்கினாள். வேலை வாங்கும் மண்டோரே அவளைக் காட்டித்தான் மற்றவர்களை ஏசுவார். அப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாகக் கல்லையும் பழத்தையும் சேர்த்து மூட்டையில் போட ஆரம்பித்தாள். இருந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது.

காலையில் போய் ஆப்பரேஷன் செய்துகொண்டு மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொன்னபோது சன்னாசி அதை நம்பவே இல்லை. ஆப்பரேஷன் என்றால் ஒரு வாரமாவது வார்டில் கிடக்க வேண்டும், தோட்டத்து ஜனம் வேன் பிடித்து வந்து பார்க்க வேண்டும். அதுதான் அவருக்குத் தெரிந்த முறை. அரை நாளில் முடிகிற வேலையை டாக்டர்கள் எப்படி ஒழுங்காகச் செய்வார்கள் என்று லயத்து வீடு வீடாகப் புலம்பினார். கைலி நான்கு, போர்வை, தலையணை, பிளாஸ்க், தட்டு, எல்லாவற்றையும் பெரிய பையில் திணித்துக்கொண்டுதான் வந்திருந்தார். காரில் கூட்டி வந்த பக்கத்து வீட்டு மகேந்திரன் அதைத் தூக்க முடியாமல் தூக்கி வர, டோரின் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையணையை மட்டும் காரிலேயே வைத்துவிடலாமா அங்கிள் என்று மரியாதையாகக் கேட்டாள். கடைசியில் பை மொத்தமும் காருக்கே திரும்பிப் போயிற்று. மகேந்திரனும் பசியாறப் போய்விட்டான்.

வந்ததிலிருந்து நடந்ததைப் பார்க்கப் பார்க்க அவர் வாய் மெல்ல மெல்ல அடங்கியது. செல்லம்மாவின் கையில் பெயர்ப்பட்டை கட்டினார்கள். பெயர் என்ன, எந்தக் கண் என்று நான்கு பேர் நான்கு தடவை கேட்டார்கள். விரலில் குத்தி இரத்தத்தில் இனிப்பு நீர் அளவு பார்த்தார்கள். போன தடவை அது ஏறிக் கிடந்ததால்தான் தேதி தள்ளிப் போய் ஏழு மாதம் காத்திருந்தார்கள், இன்றைக்கு அடங்கியிருந்தது. பச்சை அங்கி மாட்டி, தலைமுடியைத் தொப்பிக்குள் அடக்கி, கண்மணி விரிய பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டார்கள். வரிசையில் ஏழு பேர் இருந்தும் ஒருவரையும் டோரின் அவசரப்படுத்தவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். மயக்க மருந்து கிடையாது, கண் மட்டும் மரத்துப் போகும், இருபது நிமிஷம் தலையை அசைக்கக் கூடாது. இருமல் வந்தால் கையை அழுத்துங்கள், நான் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்றாள். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு பொறுமையாகச் சொல்லாது என்று சன்னாசி நினைத்தார்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். மூன்று நாளாகப் போடச் சொன்ன மருந்தைத் தவிர கண்ணில் வேறு ஏதாவது போட்டீர்களா என்று.

"நீங்க குடுத்தது மட்டும்தான் மிஸ்ஸி" என்றாள் செல்லம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

சன்னாசி தரையைப் பார்த்தார். படிவத்தில் டோரின் ஒரு கோடு போட்டாள். சக்கர நாற்காலி கதவுக்கு அந்தப் பக்கம் உருண்டு போயிற்று.

விஷயம் இதுதான். காலையில் எழுந்தபோது தூக்கமில்லாமல் அவள் கண் இலேசாகச் சிவந்திருந்தது. சிவந்த கண்ணைப் பார்த்தால் மறுபடியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சன்னாசிக்குக் கை கால் ஓடவில்லை. கோயில் ஓரத்து நந்தியாவட்டைச் செடிக்கு ஓடினார். தோட்டத்தில் கண்ணில் தூசி விழுந்தாலும் சூடு கண்டாலும் அந்தப் பூவைத் தண்ணீரில் ஊற வைத்து விடுவதுதான் வழக்கம். வேண்டாம், மிஸ்ஸி கூடாதென்று சொல்லியிருக்கிறாள் என்று செல்லம்மா தடுத்தாள். மருந்துதானே கூடாது, இது பூ என்று இவர் வாதாடினார். தேதி மறுபடி போய்விடும் என்று அவர் கெஞ்சியதும் அவள் முகத்தை நிமிர்த்திக் காட்டிவிட்டாள். மூன்று சொட்டு விட்டார். அவ்வளவுதான். சிவப்புகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது.

இப்போது அந்த மூன்று சொட்டையே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதற்காக மிஸ்ஸி அந்தக் கேள்வியைக் கேட்டாள்? சும்மா கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. கோயில் செடி, குழாய்த் தண்ணீர், கழுவாத கை. கண்ணைக் கீறித் திறக்கப் போகிறார்கள், அதற்குள் அந்த அழுக்கு போனால்? சொன்னால் தேதி போய்விடும், இன்னும் ஏழு மாதமோ ஒரு வருஷமோ அவள் தடவித் தடவி நடப்பாள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். தானாகச் சரியாகிவிடலாம். அந்த வார்த்தை மனசுக்குள் வந்ததும் சன்னாசி அதற்கு மேல் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து போய், உள்ளே வரக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்த கதவைத் தட்டினார். ஓர் ஆள் எட்டிப் பார்த்து, வெளியே காத்திருக்கும்படி மலாயில் சொன்னான். அவர் நகரவில்லை. மறுபடியும் தட்டினார். ஆஸ்பத்திரிக் கதவை அவர் வாழ்நாளில் அப்படித் தட்டியதில்லை.

டோரின் முகமூடியோடு வெளியே வந்தாள்.

"மிஸ்ஸி, அவ பொய் சொல்லிட்டா. நாந்தான் காலைல கண்ணுல பூத்தண்ணி ஊத்துனேன். நந்தியாவட்டை. அவ வேணாம்னுதான் சொன்னா. என்னைய ஏசுங்க, அவள ஏசாதீங்க."

"எத்தன மணிக்கு ஊத்துனீங்க அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறு மணி இருக்கும்."

"கத்தி வெக்கிறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அது போதும் லா. உக்காருங்க, நான் டாக்டர்கிட்ட பேசிட்டு வர்றேன்."

அவள் குரலில் ஒரு துளி எரிச்சல் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார், இதைத்தான் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து டோரின் செல்லம்மாவைத் திரும்ப அழைத்து வந்தாள். டாக்டரம்மா கருவியில் வைத்துக் கண்ணை உற்றுப் பார்த்தாராம், கழுவிவிட்டாராம். இனி அரை மணிக்கு ஒரு தடவை கிருமி மருந்து விட்டு, எல்லாருக்கும் கடைசியாக மூன்று மணிக்கு மறுபடியும் பார்ப்பாராம். கண் தெளிவாக இருந்தால் இன்றைக்கே செய்வார், சிவப்பு ஏறினால் இன்னொரு நாள்தான். சொல்லிவிட்டு, பச்சை அங்கியோடு இருந்த செல்லம்மாவை அவர் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

ஒரு மணி நேரம் செல்லம்மா பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை சன்னாசிக்குக் கிடையாது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், கண்ணில் மூடியோடு வந்து மைலோ குடித்தார்கள், ஆள் பிடித்துக்கொள்ள நடந்து வீட்டுக்குப் போனார்கள். நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன.

"நான் மறைச்சிட்டேன்ல. அப்புறம் நீங்க எதுக்குப் போயி சொன்னீங்க?" என்றாள் கடைசியில், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

சன்னாசி தோள் துண்டை மடித்து மடியில் வைத்தார். "அன்னிக்கு முள்ளு குத்துனப்ப, தானா சரியாயிரும்னு சொன்னேன். இன்னொரு வாட்டி என்னால அத சொல்ல முடியாது செல்லம்மா."

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். விரிந்த கண்மணிக்கு அவர் வெறும் மங்கல் உருவமாகத்தான் தெரிந்திருப்பார்.

"பத்தொம்பது வருசமா இதையா வயித்துல கட்டிக்கிட்டு இருந்தீங்க?"

அவர் தலையாட்டினார். அது அவளுக்குத் தெரியாது என்று நினைவு வந்து, ஆமா என்றார். அவள் கையை நீட்டித் துழாவினாள். அவர் தன் கையைக் கொடுத்தார். மூன்று மணிவரை அதை அவள் விடவில்லை.

டாக்டரம்மா பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. செல்லம்மா உள்ளே போனாள்.

உள்ளே நடந்ததை, திரும்பும் வழியெல்லாம் காரில் அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்ணில் கட்டு, மற்றதில் பார்வையே கிடையாது, ஆனாலும் வாய் ஓயவில்லை. முகத்தைத் துணியால் மூடி, கண் இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை விட்டார்களாம். வலியே இல்லையாம். தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்ததாம், பிறகு நீலமும் மஞ்சளுமாக வெளிச்சம் குழைந்து குழைந்து ஓடியதாம். பாதியில் இருமல் முட்டிக்கொண்டு வர, மிஸ்ஸியின் கையை அழுத்தினாளாம். டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டு, இருமி முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி ஆரம்பித்தாராம். மற்றபடி இருபது நிமிஷமும் ஆடாமல் அசையாமல் கிடந்தாளாம். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா என்று மகேந்திரன் வாயைப் பிடுங்கினான். பேசவில்லை என்று டோரின் மிஸ்ஸியே சொன்னதைச் சன்னாசி பெருமையாகச் சாட்சி சொன்னார். இருந்த ஒரே கண்ணைக் கத்திக்கு நீட்டிவிட்டு மூச்சுக்கூடப் பிசகாமல் கிடக்க எத்தனை ஆம்பளைக்கு நெஞ்சு இருக்கும் என்று கேட்டார்.

கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, நாளைக் காலை திரும்ப வர வேண்டும், வலி வந்தால் இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று டோரின் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். சன்னாசி அதை இரண்டு தடவை மகேந்திரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை சோற்றைப் பிசைந்து அவரே ஊட்டினார். உப்பில்லை என்றாள், இருந்தும் முழுசும் தின்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கிளினிக்கில் முதல் ஆளாக இருந்தார்கள். இன்றும் டோரின்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒட்டுப் பிளாஸ்திரியை ஓரமாக நனைத்து, தோல் இழுபடாமல் உரித்தாள். மூடியை எடுத்தாள். பஞ்சால் இமையைத் துடைத்துவிட்டு, மெதுவாகத் திறக்கச் சொன்னாள்.

செல்லம்மா திறக்கவில்லை.

"அவரு எங்க?"

"இங்கதான் இருக்கேன்."

"முன்னால வந்து நில்லுங்க."

சன்னாசி வந்து நின்றார். கும்பிட வேண்டிய சாமி பேரெல்லாம் மறந்து போயிற்று. இமை துடித்தது, நீர் வழிந்தது, கண் திறந்தது. அது அவர் நெற்றியிலிருந்து மெல்லக் கீழே இறங்கி வந்தது. தெரிகிறதா என்று கேட்க அவர் வாயெடுத்தார்.

செல்லம்மாவின் கை எழுந்தது. துழாவாமல், நேராக அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் போயிற்று. காலை அவசரத்தில் ஒன்றை விட்டு ஒன்றில் மாட்டியிருந்தார். அவள் அதைக் கழற்றி, சரியான ஓட்டையில் போட்டு, அடுத்ததற்குக் கீழே இறங்கினாள்.