முந்திய கைதட்டல்

சித்தப்பாவின் கையிலிருந்து மைக்கை அவள் பிடுங்கவில்லை. அவர் மூச்சு விட்ட இடைவெளியில் பதமாக வாங்கிக்கொண்டாள். அவள் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன் என்று எழுந்தவர், அதற்குள் தன் முழங்கால் ஆபரேஷனுக்கு வந்திருந்தார்.

"சித்தப்பா, லேட்டா வர்றவங்களை உட்கார வைக்க வாசல்ல ஆளே இல்ல. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

சித்தப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பீரமாக வாசலுக்குப் போனார். நிறுத்தத் தெரியாதவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மாப்பிள்ளையின் மாமாவிடம் மாட்டிக்கொண்டு முழித்தபோது அவள் கற்றது அது.

கல்யாணமோ, குழந்தைக்குப் பெயர் வைப்பதோ, இறுதி அஞ்சலியோ, கூட்டத்தின் முன்னால் நின்று நடத்திக் கொடுப்பது அவள் தொழில். இன்று பெட்டிக்குள் இருப்பவர் அவள் அப்பா.

காலையிலேயே அண்ணன் சமையலறை வாசலில் நின்று கேட்டிருந்தான். "நடுவுல நீ உடைஞ்சுட்டா என்ன பண்றது? வெளி ஆள் யாரையாவது வெச்சுக்கலாமே."

"அப்பாவை வெளி ஆள் கையில குடுக்க மாட்டேன். நான் உடைய மாட்டேன்."

"பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' அவளைக் கடுப்பேற்றியது. ஒரு நல்ல விஷயம், கடுப்பில் இருக்கும்போது அழுகை வராது.

ஃபைலைத் திறந்து வாசிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அத்தையின் கைப்பையிலிருந்து செல்போன் குத்துப்பாட்டு பாடியது. அவள் நிறுத்தினாள். அத்தையைப் பார்க்கவில்லை, பெட்டியின் மேலிருந்த பூக்களைப் பார்த்தாள். நாம் குரலை உயர்த்தினால் கூட்டமும் உயர்த்தும், நிறுத்தினால் அதுவும் அடங்கும். அத்தை பையை அப்படியே கவிழ்த்துப் போனைத் தேடி அணைத்தாள்.

இத்தனை வருடத்தில் அவளால் அடக்க முடியாமல் போன விருந்தாளி ஒருவர்தான். அப்பா. லேத் பட்டறை இரைச்சலில் காதைப் பறிகொடுத்தவர். முன்பின் தெரியாதவர் கல்யாணமானாலும் அண்ணனை இழுத்துக்கொண்டு வந்து, சமையல்காரர்களோடு சமையல்காரராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். அவள் பேசுவது காதில் விழாது. அதனால் அவள் கையிலிருக்கும் ஃபைலையே பார்ப்பார். ஃபைல் மூடினால் முடிந்தது என்று கணக்கு. மூடியதும் கூரை அதிரக் கைதட்டுவார். ஒரு தடவை மோதிரம் மாற்றும் முன்பே தட்டிவிட்டார்.

"இன்னும் முடியலப்பா" என்பாள் அவள், மைக்கிலேயே. கூட்டம் சிரிக்கும். அண்ணன் மானம் போன முகத்தோடு அப்பாவின் கையைப் பிடித்து நாற்காலிக் கைப்பிடியில் அழுத்தி வைப்பான். கடைசி வார்த்தை வரை ஃபைலை மூடக்கூடாது என்று அவள் பழகிக்கொண்டது அப்படித்தான்.

இன்று குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பட்டறையைச் சொன்னாள், அப்பாவின் மோசமான சமையலைச் சொன்னாள், ஜனங்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்னும் ஒரு வரிதான். அது மனப்பாடம், காகிதம் தேவையில்லை. ஃபைலை மூடினாள்.

கடைசி வரிசையிலிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஒருவர், கூரை அதிர. எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்த அண்ணன்.

"இன்னும் முடியலப்பா" என்றாள் மைக்கில், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. அவள் நிறுத்தினாள். பூக்களைப் பார்த்தாள். கூட்டமும் பொறுத்திருந்தது. வாசலில் சித்தப்பாகூட வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஃபைலை மறுபடி திறந்து, மனப்பாடமான அந்த வரியைப் பார்த்து வாசித்தாள். கடைசி வரிசையில் அண்ணன், பக்கத்துக் காலி நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.