வௌவால் குகை மண்

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் மரியாயிதான், மலையிலிருந்த வௌவால் குகைக்கு ஹிமாயாவை முதலில் கூட்டிப் போனவள். ஹிமாயா வரக்காப்பொலைக்காரி. பல்கலைக்கழகத்தில் மண்கிருமிகளை ஆராய்பவள். வெளிச்சமே படாமல், தலைமுறை தலைமுறையாக வௌவால் எச்சம் மக்கிக் கிடந்த மண்ணை அவள் சின்னக் குப்பிகளில் அள்ளிப் போனாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, உங்கட குகையில புதுக் கிருமி ஒண்டு கிடைச்சிரிக்கி. இதுவரைக்கும் யாரும் காணாதது. அது வளர்ற இடத்தில கெட்ட கிருமியெல்லாம் செத்துப் போகுது."

"புண்ணுல இருக்கிற கிருமியுமா மிஸ்?"

"ஓ, அதுவும்தான். ஆனா மருந்தாக வார எண்டா பத்துப் பதினைஞ்சு வருஷம் போகும். வராமலும் போகலாம்."

மரியாயியின் புருஷன் சாள்ஸ் சீனி வருத்தக்காரன், நீரிழிவு நோயாளி. மூன்று மாதமாகக் காலில் ஆறாத புண். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை, காலை எடுக்க வேண்டும் என்று கேகாலை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவன் மாட்டேன் என்று தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பிவிட்டான். இதெல்லாம் ஹிமாயாவுக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மரியாயியிடமிருந்து போன் வந்தது.

"மிஸ், அந்த மண்ணக் கொழச்சு அவரு புண்ணுல வச்சுக் கட்டுனேன். காய்ச்சல் விடவே இல்ல. ஆஸ்பத்திரில படுத்துருக்காரு."

ஹிமாயா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கால் தொடை வரை கறுத்திருந்தது. சாள்ஸுக்கு நினைவில்லை.

"ஏன்க்கா இப்பிடிச் செஞ்சீங்க? நான் பத்து வருஷம் போகுமெண்டு சொன்னேனே?"

"சொன்னீங்க மிஸ். அவருக்கு எங்க மிஸ் பத்து வருஷம்?"

அந்த மண்ணில் நல்லது ஒன்றுதான், கெட்டது ஆயிரம் என்று சொல்ல வாயெடுத்த ஹிமாயா, சாள்ஸின் போர்வையை இழுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சாள்ஸ் இறந்தான். தோட்டத்து மயானத்தில் அடக்கம் முடிந்ததும், அதற்கு வந்திருந்த ஹிமாயாவிடம் மரியாயி வந்தாள்.

"மக ஜூலியட்டுக்கும் சீனி இருக்குன்னு சொல்லிட்டாங்க மிஸ். அவளுக்குப் புண்ணு வர்றதுக்குள்ளயாச்சும் அந்த மருந்து வந்துருமுங்களா?"

அந்தக் கிருமி சுரப்பது மனித உயிரணுக்களையும் விட்டுவைப்பதில்லை என்று போன வாரச் சோதனையில் தெரிந்திருந்தது.

"வராதுக்கா," என்றாள் ஹிமாயா.

மரியாயி தலையாட்டினாள். மழை தூறத் தொடங்கியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் லயத்துப் பக்கம் இறங்கி நடந்தாள்.