கை காயும் வரை

“மொதல்ல நீங்க கைய நீட்டுங்க உம்மா. அப்புறந்தான் என் கை. ஊருக்கெல்லாம் மருதாணி வச்சு விட்டீங்க, உங்க கை ஒரு நாளாவது செவந்திருக்கா?” என்று ஆரிபா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

விடிந்தால் அவளுக்கு நிக்காஹ். பந்தல் போட்டாயிற்று, சைகோனில் கடை வைத்திருக்கும் வாப்பாவும் கப்பலேறி வந்தாயிற்று. மணப்பெண்ணின் கை மட்டும் வெறுங்கையாக இருந்தது. உம்மா கமருன்னிசாவுக்குச் சுருக்கென்றது. காரைக்காலில் அவள் மருதாணி வைக்காத மணப்பெண் குறைவு. நடுவில் ஒரு நிலா, சுற்றிலும் பொட்டுகள், ஒன்றுகூடப் பிசகியதில்லை. மகளையும் அப்படித்தான் வளர்த்தாள். கல்யாணப் புடவையைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டாள். அதிலிருந்து பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“அடுப்படியில அவ்வளவு வேலை கெடக்கு. நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காரவா?”

“ஒக்காருங்களேன் லாத்தா. நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?” என்றாள் கமருன்னிசாவின் தங்கை ஷரீபுன்னிசா.

வேறு வழியில்லாமல் நீட்டினாள். ஆரிபா ஈர்க்குச்சியால் விழுதைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். நிலா கோணிக்கொண்டது, பொட்டுகள் ஓடிப்பிடித்து விளையாடின. ‘தள்ளி வை’ என்று கமருன்னிசாவின் வாய் வரை வந்தது. மகள் நாக்கு நுனியைக் கடித்தபடி குனிந்திருப்பதைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். சின்ன வயதில் மணலில் கோடு போடும்போதும் இப்படித்தான் கடிப்பாள்.

இரண்டு கையும் பூசியான பிறகு ஒரு கரண்டியைக்கூடத் தொட முடியவில்லை. அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. எழுந்தாள், கையைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ சிரித்தார்கள், தாளிச்சா அது பாட்டுக்குக் கொதித்தது. அவள் இல்லாமலே கல்யாண வீடு நடந்தது. ஆரிபா ஒரு கவளம் நெய்ச்சோற்றைக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தாள். கமருன்னிசாவுக்கு யாரும் ஊட்டிவிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கண் நிறைந்தது; துடைக்கவும் கை இல்லை. மகளே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“காரமா உம்மா?”

“இல்லம்மா. நல்லா இருக்கு. அல்ஹம்துலில்லாஹ்.”

நிஜமாகவே எல்லாம் நன்றாக இருந்தது. இத்தனை பேரை அல்லாஹ் கொடுத்திருந்தும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தோமே என்று சிரிப்பும் வந்தது.

காய்ந்ததை உதிர்த்தபோது உள்ளங்கையில் கோணல் நிலா சிவந்திருந்தது. ஆரிபா கேட்காமலே தன் கையை நீட்டினாள்.

“எனக்கும் நிலாதானா?”

“தெரியலம்மா. வச்சுப் பாப்போம்.”

முதல் பொட்டு நடுவில் விழவில்லை, மணிக்கட்டுப் பக்கம் விழுந்தது. அங்கிருந்து ஒரு கோடு கிளம்பி, கொடியா அலையா என்று சொல்ல முடியாதபடி விரல்களை நோக்கி வளைந்து ஓடியது. கமருன்னிசா அதன் பின்னாலேயே போனாள்.