டிரம் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

1.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கீழே மாமாவின், அதாவது அக்கா கணவரின், பேக்கரி. மாடியில் நான். நேற்று மாவு பிசையும் மேசையில் உட்கார்ந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தபோது பேனா உருண்டு மேசைக்கடியில் போனது. எடுக்கக் குனிந்தேன். அங்கே மாவு பிசையத் தண்ணீர் பிடித்துவைக்கும் நீல டிரம். மூடி விலகியிருந்தது. உள்விளிம்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு. நகத்தால் சுரண்டினேன், பொருபொருவென்று உதிர்ந்தது.

இதில் என்ன கதை என்கிறீர்களா? பொறுங்கள். எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர் ஒழிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். சோப்பு போட்டால் நுரை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. புதுத் தண்ணீர் வந்த அன்று அதே டிரம்மை வினிகர் ஊற்றித் தேய்த்துப் பளபளவென்று வைத்தவளே நான்தான். பிறகு இந்த உப்பு எங்கிருந்து வந்தது?

உடம்பெல்லாம் பரபரத்தது. இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடிவந்து உட்கார்ந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'அந்த நகரத்தில் தண்ணீர் கடினமாக இருந்தது.' அடுத்த வரியில் 'மனிதர்கள் மென்மையாக இருந்தார்கள்' என்று எழுதத்தான் கை போகும். எனக்கு என்னைத் தெரியும். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்த நீரைக் கடினநீர் என்கிறோம்.' என்கிறோமா? யார்? எங்கள் தெருவில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. 'பாழாப்போன தண்ணி' என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாம் தொடக்கம் அக்காவிலிருந்து. ஒரு கையில் கண்ணாடி பாட்டில், இன்னொரு கையில் சீவிய சோப்பு. வீடு வீடாகப் போவாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து சோப்பைப் போட்டுக் குலுக்கிக் காட்டுவாள். 'பாருங்க, நுரை வருதா? இதுலதான் நம்ம புள்ளைங்க குளிக்குது.' அந்த பாட்டிலோடு தண்ணீர் அலுவலகத்துக்கும் போனாள். போய்க்கொண்டே இருந்தாள். அவள் தலையைக் கண்டாலே இன்ஜினியர் பின்வாசலைத் தேடுவார். கடைசியில் தண்ணீர் வந்தது. குழாயக்கா என்ற பட்டப்பெயரும் வந்தது.

இங்கே ஒரு சிக்கல். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்காதான். பென்சிலும் கையுமாகப் படித்து, என் பிழைகளைத் திருத்தி, திட்டி, பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்ப விடுவாள். இந்தக் கதையை மட்டும் அவள் படிக்கக்கூடாது. ஏன் என்று மூன்றாம் பகுதியில் தெரியும். அதுவரை இது என் மெத்தைக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

3.

இன்று காலையில் மாமாவின் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஓடினேன். அவர் பின்தெருவுக்குப் போனார். அங்கே இன்னும் புதுக் குழாய் வரவில்லை, பழைய அடிபம்புதான். மாமா இரண்டு கேன்களில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கையும் கேனுமாகப் பிடித்தேன்.

"பாத்துட்டியா," என்றார், நிமிராமலே.

"என்ன மாமா இது?"

"புதுத் தண்ணியில மாவு நிக்கமாட்டேங்குதும்மா. கொழகொழன்னு கையோட வருது. பன் நல்லா உப்பி வந்துட்டு, ஓவனுக்குள்ள போனதும் உக்காந்துடுது. இந்த உப்புத் தண்ணியிலேயே பழகின கை இது."

"அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"எப்படிச் சொல்றது? தண்ணி வந்த அன்னைக்கு அவ குழாயத் திறந்து மூஞ்சில அடிச்சுக்கிட்டு சிரிச்சா, பாத்தியா? எங்க கல்யாணத்துலகூட அப்படிச் சிரிக்கல. அவகிட்டப் போய், உன் தண்ணியால என் பன் கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"அப்ப பன் கெட்டதுக்கு என்ன காரணம் சொன்னீங்க?"

மாமா இன்னும் நாலு அடி அடித்தார். கேன் நிரம்பி வழிந்தது.

"மாவு சரியில்லைன்னு சொன்னேன்."

எனக்குச் சுரீர் என்றது. மாவுக்காரர் மாமாவின் நண்பர். தினமும் ஓவனிலிருந்து வரும் முதல் பன் அவருக்குத்தான். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஊதி ஊதித் தின்பார். இப்போது அந்த நாற்காலியில் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது. ஏனென்றால் அக்கா கடைத்தெருவுக்கே போய், நாலு பேர் பார்க்க, "மாவுல மண்ணையா கலக்குறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

(என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். மாமா அன்பினால் மறைத்தாரா, பயத்தினால் மறைத்தாரா? அன்பு என்று எழுதினால் கதை இனிக்கும். பயம் என்று எழுதினால் அக்கா என்னைத் தொலைத்துவிடுவாள். இரண்டும் என்று எழுதலாம்தான், ஆனால் அது

வேண்டாம், மேலே போவோம்.)

4.

இனிமேல்தான் சூடு பிடிக்கிறது. நாளைக் காலை பின்தெருவுக்கும் புதுத் தண்ணீர். வால்வைத் திறக்கப்போவது அக்கா. திறந்த கையோடு அடிபம்பைக் கழற்றி மூடிவிடுவார்களாம், இன்ஜினியர் சொல்லிவிட்டார். நாளையோடு மாமாவுக்கு உப்புத் தண்ணீர் கிடையாது. விழாவுக்கு வரும் அத்தனை பேருக்கும் எங்கள் கடை பன். அதையும் அக்காதான் ஏற்பாடு செய்திருக்கிறாள். நல்ல தண்ணீர் வந்ததைக் கொண்டாட, கெட்ட தண்ணீரில் பிசைந்த பன்! இதை நானாக யோசித்து எழுதியிருந்தால் செயற்கை என்று நானே கிழித்துப் போட்டிருப்பேன்.

முடிவு அ: அக்கா வால்வைத் திறக்கிறாள். மாமா ஓரமாக நின்று கைதட்டுகிறார். மறுநாளிலிருந்து கடையில் சப்பை பன்.

முடிவு ஆ: அக்காவுக்குத் தெரிந்துபோகிறது. பம்பை மூட வேண்டாம் என்று இன்ஜினியரிடம் கெஞ்சுகிறாள். நம் குழாயக்காவா? கெஞ்சுவாளா? நம்பும்படி இல்லை. ஆனாலும்

[மெத்தைக்கு அடியில வெச்சா தெரியாதா? உறை மாத்துறது யாருடி?]

5.

மேலே அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் எழுதியது அல்ல. பென்சில். மாலையில் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய் வருவதற்குள் நடந்துவிட்டது. அக்கா எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

[நீ கதை விடுறவ. அதனால நம்பல. கீழ போய் டிரம் தண்ணியப் பாட்டில்ல பிடிச்சு, சோப்பு போட்டுக் குலுக்கினேன். நுரை வரல. திரிஞ்ச பாலாட்டம் நிக்குது.]

[அன்பும் இல்ல, பயமும் இல்ல. உங்க மாமாவுக்கு என்கிட்ட உக்காந்து பேச சோம்பேறித்தனம். அப்படி எழுது.]

[முடிவு அ, ஆ ரெண்டும் வேண்டாம். என் சிரிப்ப நெனச்சு அவர் மறைச்சாரு, சரி. அந்த மனுஷன நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேட்டது நான். நான் இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு]

அங்கே பென்சில் முனை உடைந்து தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது.

6.

கீழே இறங்கினேன். அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மாமா முழங்கை வரை மாவோடு, பேயறைந்த மாதிரி நின்றார்.

"ஏங்க, வண்டிய எடுங்க. மாவுக்காரர் வீட்டுக்குப் போகணும்."

"நீ எதுக்கு? பொய் சொன்னது நான். நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

"நீங்க என்கிட்ட சொன்னீங்க. அவர்கிட்ட கேட்டது நான்."

"நாளைக்கு வால்வு?" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

"திறப்பேன். பின்தெருப் புள்ளைங்க இன்னும் அந்த உப்புத் தண்ணியில குளிச்சு சொறிஞ்சுக்கிட்டே கிடக்கணுமா?"

"அப்ப பன்?" என்றார் மாமா.

அக்கா அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த மாவைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மூலையில மாவுக்காரரோட மூட்டை ஒண்ணு இருக்கு, திருப்பி அனுப்ப வெச்சது. அதைப் பிரி. நாங்க வர்றதுக்குள்ள பன்னுக்குப் பிசைஞ்சு வை."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தத் தண்ணீரில் பிசைவது என்று அவள் சொல்லவில்லை.

மூட்டையைப் பிரித்துவிட்டேன். மாவு நல்ல மாவு. உப்பு, ஈஸ்ட், சர்க்கரை எல்லாம் மேசையில். இடது கைப் பக்கம் டிரம், பாதிக்குமேல் இருக்கிறது. அதில் பிசைந்தால் நாளை பன் பஞ்சாக வரும், ஊரே மெச்சும், பொய் இன்னும் ஒரு நாள் உயிரோடு இருக்கும். வலது கைப் பக்கம் அக்காவின் குழாய். தண்ணீரைக் குறைத்து, உப்பைக் கொஞ்சம் கூட்டினால் மாவு நிற்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். கதை எழுதுகிறவள் படித்ததை நம்பி நூறு பேருக்கு பன் போடலாமா? மாவுக்காரர் நாளை வந்தால், ஒரு கடி கடித்ததுமே எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். வந்தால்.

கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நடுவில் நிற்கிறேன். இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்களே, எந்தத் தண்ணீரைப் பிடிக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கிறது. ஒரு வண்டியா, மாவுக்காரருடையதும் சேர்த்து இரண்டு வண்டியா என்றுதான் தெரியவில்லை.