சாய்கோடு கேட்டால் ழ

கண் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், மருந்தறைக்கும் கோப்பறைக்கும் நடுவே ஒரு மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் மொழிபெயர்ப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பாள். வரி முடிந்ததும் வலது சுண்டுவிரல் தானாகப் போய் என்டரைத் தட்டிவிட்டு வரும்.

அந்தச் சுண்டுவிரல்தான் திங்கட்கிழமையிலிருந்து அவள் உயிரை வாங்கியது.

பழைய செயலியை எடுத்துவிட்டு மருத்துவமனையில் ஏஐ உதவியாளரைக் கொண்டுவந்திருந்தார்கள். இனி எல்லாச் சீட்டும் அதன் உரையாடல் பெட்டியில்தான். கணினிப் பிரிவுக்காரர் மேசைக்கு மேசை ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார். என்டர் தட்டினால் அனுப்பும். ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் அடுத்த வரி. சாய்கோடு (/) போட்டுக் கட்டளையை அடித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எதற்கும் ஒரு விசைக் குறுக்குவழி வைத்திருப்பார்; மவுஸைத் தொடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதனாலேயே அவருக்குக் குறுக்குவழி என்று பெயர் விழுந்திருந்தது.

புதன்கிழமை பத்தரைக்கு நர்ஸ் வந்து நின்றாள்.

"அக்கா, ஏழாம் நம்பர் கட்டில் தையல்காரர் கிளம்புறாரு. மருமக வந்துட்டாங்க. பன்னிரண்டு மணி பஸ்ஸாம்."

"அரை மணியில தரேன், போ."

சொட்டு மருந்து இரண்டு வகை. ஒன்றை விட்டபின் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் மற்றதை விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். டாக்டர் அதற்கு அடிக்கோடே போட்டிருந்தார். அவள் தலைப்பை அடித்தாள். சுண்டுவிரல் தன் வேலையைச் செய்தது.

தலைப்பு பறந்தது. கண் இமைப்பதற்குள் உதவியாளர் பதினான்கு படிகள் எழுதித் தள்ளியது. பாதி உண்மை, பாதி ஊர்ப்பேச்சு. 'இரண்டு மருந்தையும் அடுத்தடுத்து விடவும்' என்று ஏழாவது படியில் இருந்தது.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் திரையைப் பார்த்து.

மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாம் வரியில் மறுபடி என்டர். உதவியாளர் நன்றி சொல்லி, இன்னும் என்ன உதவி வேண்டும் என்று விசாரித்தது. சரி, கட்டளையிலேயே போவோம் என்று தாளைப் பார்த்தாள். சாய்கோடு, அதன் பின்னால் 'நோயாளிசீட்டு'. சாய்கோட்டு விசையைத் தட்டினாள். திரையில் ழ வந்தது. அவள் தமிழ் விசைப்பலகையில் அந்த இடத்தில் இருப்பது ழ. இத்தனை வருஷமாக அதுதான். எரிச்சலில் என்டரும் தட்டுப்பட்டுவிட, ழகரத்தை நாவை எப்படி மடித்து உச்சரிப்பது என்று உதவியாளர் ஒன்றரைப் பக்கம் பாடம் நடத்தியது.

ஆங்கிலத்துக்கு மாற்றிச் சாய்கோடு போட்டாள். பட்டியல் விரிந்தது. கட்டளையோ தமிழில். தமிழுக்கு மாற்றினாள். பட்டியல் மூடிக்கொண்டது. ஐந்து முறை திறந்தாள், ஐந்து முறையும் அது முகத்தில் அடித்த மாதிரி மூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"எனக்கு இங்க நல்லாத்தானே வேலை செய்யுது அக்கா," என்றார் குறுக்குவழி.

"அப்ப நீங்க இங்க வந்து செஞ்சு காட்டுங்க தம்பி."

வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல்களைச் சொடுக்கி, விசையைத் தட்டினார். ழ. இன்னொரு தரம் பலமாகத் தட்டினார். ழ.

"நான் தமிழையும் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிப்பேன்," என்றார் மெதுவாக. "இந்த விசைப்பலகையில யாரும் சோதிச்சுப் பாக்கல போல."

"சோதனை எனக்குத்தான் வந்திருக்கு. எந்திரிங்க."

மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். அவள் பேனாவை எடுத்து, பெரிய எழுத்தில் கையாலேயே எழுதிக்கொண்டு கீழே ஓடினாள். ஏழாம் நம்பர் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சீட்டுக் குடுத்து அனுப்பிட்டேனே," என்றாள் நர்ஸ். "உங்க பேர்லதான் கோப்புல இருந்துச்சு. பதினாலு பாயிண்ட்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. என்டர் தட்டினால் அனுப்புவது மட்டுமல்ல, நோயாளியின் கோப்பிலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தாளில் எவரும் எழுதவில்லை.

மருமகள் நான்காவது தடவைதான் போனை எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

"அம்மா, அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுங்க! அது தப்பு!"

"என்னது? சீட்டு பத்திரமா இருக்குங்க!"

"கிழிங்க! முதல் மருந்து விட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு அடுத்தது! அஞ்சு!"

"அஞ்சு சொட்டா?"

"ஐயோ, சொட்டு ஒண்ணுதான்! நிமிஷம் அஞ்சு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மருமகள் யாரிடமோ பேனா வாங்கி, எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினாள். ஒரு எழுத்து பிசகவில்லை. தையல்காரர் போனை வாங்கி, "எனக்கும் கேட்டுச்சும்மா, பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்டுச்சு," என்றார்.

மேலே வந்தபோது குறுக்குவழி இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

"என்டரை மாத்திக் குடுங்க. நான் சொன்னாத்தான் அனுப்பணும், கோப்புல ஏறணும்."

"அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும் அக்கா. ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரத்துல இங்கேருந்து எத்தனை கண்ணு வீட்டுக்குப் போகும் தெரியுமா?"

அவர் அவள் மேசையில் தான் ஒட்டிய தாளை உரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மற்ற மேசைகளில் அது ஒட்டியபடியேதான் இருந்தது.

நர்ஸ் ஒரு பிளாஸ்திரிச் சுருளோடு வந்து, அவள் வலது சுண்டுவிரலை மோதிர விரலோடு சேர்த்துச் சுற்றிவிட்டாள், அது தானாக என்டருக்குப் போகாமலிருக்க. ந, ய, ழ எல்லாம் அந்த விரலின் பங்கு. இனி அவற்றைத் தேடித்தான் குத்த வேண்டும். அடுத்தது மூன்றாம் நம்பர் கட்டில். 'நோயாளி' என்று அடிக்கவே அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது.